அண்ணன் வீட்டிலிருந்த ஆண்டுகள்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் எங்கள் அண்ணனின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். படத்துக்குக் கீழே பெயரும், பிறந்த நாளும், கர்த்தருக்குள் இளைப்பாறிய நாளும் மட்டும்தான் இருக்கின்றன. வழக்கமாகப் பெயருக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர், ரயில்வே ஊழியர், இன்ன கடையின் உரிமையாளர் என்று. தாராவியிலிருந்து அச்சகத்துக்காரர் போன் செய்து, "அக்கா, பேருக்குக் கீழ அவங்க என்ன வேலைன்னு போடணும்?" என்று கேட்டபோது வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் என்று போடச் சொன்னார் மாமா. அதை விட்டுத்தான் பல வருடமாயிற்றே என்றார் சித்தி. "சொந்தத் தொழில்னு போட்டுருவோம், எவன் வந்து கேக்கப் போறான்?" என்றார் சித்தப்பா. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அண்ணிதான் என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் போட வேண்டாம். நீ அதைப் பத்தி உள்ள எழுது" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். நான் அண்ணனுக்கு ஒரே தங்கை. திருமணமாகி நாசிக்கில் இருக்கிறேன். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. தமிழ் எழுதும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் பிள்ளைகள் பிளெஸ்ஸிக்கும் ஆல்வினுக்கும் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் முடிந்து நீங்களெல்லாம் வீடு திரும்பிய பிறகு, இதை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் அலங்காரம் இல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தாராவியில். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்த எங்கள் அப்பா, தோல்பை தைக்கும் பட்டறை ஒன்றில் தோல் வெட்டும் வேலை பார்த்தார். ஒரே அறைதான் வீடு. அதற்கு மேலே ஏணி வைத்து ஏறும் பரண். பரணில் ஒரு மூலையில் அண்ணன் படிப்பார், மறு மூலையில் நான் தூங்குவேன். என் கண்ணில் வெளிச்சம் படக்கூடாதென்று பல்பைச் சுற்றி அட்டையை மடித்து வைத்துக்கொள்வார். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் தேறினார். லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்து, டெக்னீஷியனாகி, பின்னர் மாட்டுங்கா, சயான், செம்பூர் பகுதிகளுக்கு சூப்பர்வைசராகவும் ஆனார். கம்பெனி பெயர் தைத்த நீலச் சட்டையை அம்மா தினமும் தன் கையால் இஸ்திரி போடுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அண்ணனுடைய சுபாவத்தைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தில் வயதான அம்மாள் ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கம்பெனி ஆட்கள் மேலே மோட்டார் அறையில் வேலை பார்க்க, அண்ணன் மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அந்த அம்மாளோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். இன்றைக்கு என்ன சமையல், மகன் எந்த நாட்டில் இருக்கிறான், பேரன் பேர் என்ன என்று. கதவு திறந்தபோது அந்த அம்மாள் வெளியே வராமல், "இரு, சொல்லிட்டு வரேன்" என்று பேரன் கதையை முடித்துவிட்டுத்தான் வந்தாராம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பயந்தவர்களோடு கூட இருக்க அவருக்குத் தெரியும்.

அண்ணி கோவண்டியில் வளர்ந்தவர். மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் செவிலியர். சபையில் பார்த்து, இரு வீட்டாரும் பேசி முடித்த திருமணம். அதன்பின் திலக் நகரில் வாடகைக்குக் குடிபோனார்கள். பிளெஸ்ஸி பிறந்ததும் அம்மா தினமும் தாராவியிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் வேலைக்குப் போனார், அண்ணி வேலைக்குப் போனார், எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேலையையும் பிள்ளையையும் சேர்த்துச் சமாளிப்பது பெரிய காரியமல்ல என்றுதான் நாங்களும் நினைத்தோம். அது அம்மா ஒருவர் தாங்கிக்கொண்டிருந்த பாரம் என்பது அம்மா போன பிறகுதான் தெரிந்தது. பிளெஸ்ஸி பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம் அம்மா மாரடைப்பில் இறந்தார். ஆல்வின் அதற்குப் பிறகு பிறந்தான்.

ஆல்வினுக்குக் கைக்குழந்தையிலேயே வலிப்பு வந்தது. காய்ச்சலோடு சில பிள்ளைகளுக்கு வருமே, அப்படியல்ல. சிரித்துக்கொண்டே இருப்பான், கண் ஒரு பக்கம் செருகிவிடும். மருந்து கொடுத்தார்கள். வளர வளரக் குறையலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அண்ணியின் பிரசவ விடுப்பு முடிந்ததும் ஒரு ஆயாவை வைத்தார்கள். நல்ல பெண்தான். ஆனால் ஒருநாள் மதியம் குழந்தைக்கு வலிப்பு வந்ததும் பயந்துபோய், அவனைத் தரையில் போட்டுவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிடக் கீழே ஓடிவிட்டாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. அண்ணன் அப்போது ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் போகும் கிணறு போன்ற குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். அங்கே போன் எடுக்காது. அண்ணி வார்டில் இருந்தார். எதிர் வீட்டு மராத்தி அம்மா, பிள்ளைகள் மாவ்ஷி என்று கூப்பிடுகிறார்களே அவர்தான், பூட்டை உடைக்கச் சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினார்.

மறுநாளே ஆயா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்கம்பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் விசாரித்தார்கள். வலிப்பு என்றதும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. செய்தி கேட்டு நான் நாசிக்கிலிருந்து வந்திருந்தேன். சமையலறையில் மூன்று பேரும் நின்றுகொண்டே பேசினோம். உட்கார யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணி சொன்னார், "நான் விட்டுடறேன். நர்ஸ் வேலைதானே, பின்னாடி எங்கயாவது பிரைவேட்ல சேந்துக்கலாம்."

"உன்னுது பர்மனெண்ட் வேலை. அதை விட்டா ஜென்மத்துக்கும் கெடைக்காது" என்றார் அண்ணன். "பென்ஷன் இருக்கு. இவனுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரியில நீ இருக்கணும். நான் விடுதேன். என் கையில தொழில் இருக்குல்லா? இந்த பம்பாயில நாளைக்கு லிஃப்ட் எல்லாம் நின்னுருமா? எப்பப் போனாலும் வா வான்னு கூப்பிடுவான்."

"மாமா என்ன சொல்லுவாங்க?" என்று அண்ணி கேட்டார். எங்கள் அப்பாவைத்தான் கேட்டார்.

"அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணன்.

தாராவிக்குப் போய் அண்ணன் விஷயத்தைச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னல சொல்லுத? பொண்டாட்டி சம்பாதிச்சுக் கொண்டாருவா, நீ வீட்ல உக்காந்து சாப்பிடுவியோ? கோயில்ல நாலு பேரு கேட்டா நான் என்னன்னுல சொல்லுவேன்?"

"புள்ளைக்குச் சொகமில்லப்பா. அதான்னு சொல்லுங்க."

"புள்ள எல்லாரு வீட்லயும்தான் இருக்கு. எவன் வேலைய விட்டான்? ஒருத்தனக் காட்டு பாப்போம்."

அண்ணனால் யாரையும் காட்ட முடியவில்லை. எனக்கும் யாரையும் தெரியாது. அப்பா கைகழுவிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு திலக் நகர் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். யாராவது கேட்டால், "மவன் லீவுல இருக்கான்" என்பார். பல வருடங்கள் அண்ணன் லீவிலேயே இருந்தார்.

அந்த வருடங்களில் அண்ணன் செய்த வேலையை எழுத வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். எழுத முயலும்போது அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. காலையில் பாட்டிலில் தண்ணீர் நிரப்புவது, பிளெஸ்ஸிக்குத் தலை பின்னுவது, ஆல்வினுக்கு மருந்து புகட்டுவது, அவன் துப்பினால் மறுபடி புகட்டுவது, சோறு, துணி, பள்ளி, டாக்டர், மறுபடி சோறு. ஒவ்வொரு வீட்டிலும் நடப்பதுதான். தலை பின்னுவதை மாவ்ஷியிடம் கற்றுக்கொண்டார். முதலில் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். பிறகு பிளெஸ்ஸியின் வகுப்புத் தோழிகள் காலையில் வீட்டுக்கு வந்து தங்களுக்கும் பின்னிவிடச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆல்வினை ஓரிடத்தில் விட்டுவிட்டுக் குளிக்கப் போவதுகூட அவருக்குக் கஷ்டம். குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, உள்ளிருந்து பாடிக்கொண்டே குளிப்பார். குழந்தை கூடச் சேர்ந்து கத்தும். கத்தல் நின்றால் சோப்பு நுரையோடு வெளியே ஓடி வருவார்.

பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் கூட்டமாக நிற்பார்கள். அண்ணன் எதிர்ப்பக்கம் பான் கடை ஓரமாக நிற்பார். யாரும் அவரை அவமரியாதையாக நடத்தியதில்லை. பேசுவதற்குக் கூச்சப்பட்டார்கள், அவ்வளவுதான். வகுப்புத் தாய்மார்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. அதில் ஆண் ஒருவரைச் சேர்த்தால் மற்ற வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று, அண்ணியின் எண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணி டூட்டியில் போனைப் பார்க்க முடியாது. ஒருநாள் மாறுவேடப் போட்டி. வகுப்பிலுள்ள பிள்ளைகளெல்லாம் ராணியும் வண்ணத்துப்பூச்சியுமாக வந்திருக்க, பிளெஸ்ஸி மட்டும் யூனிஃபார்மில் போய் நின்றாள். சாயங்காலம் அவள் அழுதுகொண்டே வந்தபோது அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, அது எங்க போட்டிருந்தாவளாம் தெரியுமா? அந்தக் குரூப்புல. நான் நேத்து சாயங்காலமும் அந்த வாசல்லதான நின்னேன். ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"விடுங்கண்ணே, அவங்களுக்கும் தோணியிருக்காது."

"ஆமா, தோணியிருக்காது" என்றார். பின்னால் பிளெஸ்ஸி விசும்பும் சத்தம் கேட்டது. "சரி, வைக்கேன்" என்று வைத்துவிட்டார்.

பகலில் சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார். விஷயம் ஒன்றும் இருக்காது. என்ன செய்கிறாய், அங்கே மழையா என்பார். நான் பெரும்பாலும் வகுப்பில் இருப்பேன், எடுக்க முடியாது. இடைவேளையில் நான் திரும்பக் கூப்பிட்டால் அவர் ஆல்வினுக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பார். பெரியவர் ஒருவரோடு பேச வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்தது. எங்கள் இரண்டு பேருடைய நேரமும் கடைசிவரை ஒத்துவரவில்லை.

ஒருமுறை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரர், வேலையில்லாதவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தில் அண்ணன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அன்போடுதான் சொன்னார். எல்லாரும் கண்மூடி அண்ணனுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். அண்ணன் மடியில் தூங்கிய ஆல்வினை அணைத்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணி கோபமாக, "நீங்க ஏன் வாயைத் திறந்து சொல்லல? வேலையில்லாமலா இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்காக ஒருத்தர் ஜெபம் பண்ணும்போது நடுவுல நிப்பாட்டவா முடியும்?" என்றாராம் அண்ணன்.

ஆல்வின் வளர வளர வலிப்பு குறைந்தது. பின்னர் முழுவதுமாக நின்றது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அவன் முழுநேரப் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அண்ணன் நீலச் சட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறார். தோளில் இறுக்கமாக இருந்ததாம். புதுச்சட்டை வாங்கிக்கொண்டு பழைய கம்பெனிக்குப் போனார். அவருக்குத் தெரிந்த மேலாளர்கள் ஒருவரும் அங்கே இல்லை. பராமரிப்பு வேலை முழுவதையும் காண்டிராக்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். லிஃப்டை இயக்கும் பெட்டிக்குள்ளிருக்கும் எலக்ட்ரானிக் போர்டு மாறிவிட்டது, கோளாறு எங்கே என்று போனில் பார்க்கிறார்கள். கற்றுக்கொள்கிறேன் என்று அண்ணன் சொன்னார். அதற்கு இளம் பையன்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கிறோம் என்றார்கள்.

பிறகு வேறு வேறு கம்பெனிகள். எங்கே போனாலும் ஒரே கேள்வி. ஒரு நேர்முகத்தைப் பற்றி அண்ணன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எதிரே உட்கார்ந்திருந்தது ஓர் இளம்பெண், மரியாதையாகத்தான் பேசியிருக்கிறாள்.

"இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் சார்?" என்று இந்தியில் கேட்டாள்.

"பிள்ளைகளைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று அண்ணன் சொன்னார்.

"அது சரி சார். லேகின் காம் க்யா கர்தே தே?"

அது சரி, ஆனால் வேலை என்ன செய்தீர்கள் என்று. அண்ணன் மறுபடியும் அதே பதிலைச் சொன்னார். அந்தப் பெண் அண்ணன் தன் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து, மூன்றாம் முறை இன்னும் மெதுவாகக் கேட்டாளாம்.

இதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. பழைய நண்பர் ஒருவர், இடைப்பட்ட வருடங்களில் சொந்தமாக எலக்ட்ரிகல் கடை வைத்திருந்ததாகப் போட்டுவிடு, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லித் தானே எழுதியும் கொடுத்தார். அண்ணன் அதை அடித்துவிட்டார். "அவன் ஃபிட்ஸ் வந்து என் மடியில கெடந்த நாளெல்லாம் நான் கடையில யாவாரம் பாத்தேன்னு எழுதவா?" என்று அந்த நண்பரிடம் கேட்டிருக்கிறார். நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அண்ணன் மறுநாள் போன் செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மாதங்கள் போயின. அண்ணன் இளைத்துப் போனார். அலைச்சல் என்று நினைத்தோம். சாப்பாடு இறங்கவில்லை என்றார், கவலை என்று நினைத்தோம். கடைசியில் செம்பூரில் ஒரு சிறிய காண்டிராக்டர் அவரை எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். சூப்பர்வைசர் இல்லை, உதவியாள் வேலைதான். அண்ணன் எனக்குப் போன் செய்து, "திங்கக்கிழம சேரச் சொல்லிட்டாவ. மெடிக்கல் ஒண்ணுதான் பாக்கி" என்றார். வகுப்பில் இருந்தும் அன்று நான் எடுத்துவிட்டேன். அவர் குரல் பழைய குரலாக இருந்தது. அந்த வேலைக்கான உடல் பரிசோதனையில்தான் ரத்தத்தில் கோளாறு இருப்பது தெரிந்தது. கண் மஞ்சளாக இருக்கிறதே என்று அங்கிருந்த டாக்டர் கேட்டிருக்கிறார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, அறுவை செய்ய முடியாது என்றார்கள்.

காண்டிராக்டர் நல்ல மனிதர். குணமாகி வாருங்கள் என்றார்.

அண்ணி நோயாளிகளைப் பார்த்தே பழகியவர். ரிப்போர்ட்டைப் படித்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார். அண்ணன் ஒரேயடியாக மறுத்தார்.

"நீ போ. நீயும் வீட்ல உக்காந்தா இந்த வீட்ல வெளிய போறதுக்கு ஆளே கெடையாது. என்னப் பாத்தில்லா? உள்ள வந்தா வெளிய போற வழி மூடிக்கிடுது."

அப்படியானால் யார் பார்த்துக்கொள்வது? நான் சனி, ஞாயிறுதான் வர முடிந்தது. பள்ளியில் விடுப்பு கேட்டுப் பார்த்தேன், சில நாட்கள் கிடைத்தன. இந்த நிலையில் ஒருநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் அப்பா ஒரு துணிப்பையோடு திலக் நகர் வாசலில் வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "நான் இங்கன இருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்குத் தோல் வெட்டத் தெரியும், வேறொன்றும் தெரியாது. கட்டிலில் படுத்தபடியே அண்ணன் சொல்லச் சொல்ல அப்பா கற்றுக்கொண்டார். கஞ்சி காய்ச்சினார், பாத்திரம் கழுவினார், பிள்ளைகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வந்தார். அண்ணனைத் துடைத்து, சட்டை மாற்றிவிட்டார். ஒரு சனிக்கிழமை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அப்பா ஆல்வினின் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே போய்க் கேட்டார்.

"ஏல, இவன் சப்பாத்தியச் சுருட்டி வச்சாத்தான் திங்கானாம். மடிச்சு வச்சா திங்க மாட்டானாம். அது என்னல கணக்கு?"

"கையில புடிச்சுக்கிட்டே வெளாடுவான்பா. மடிச்சு வச்சா உக்காந்து திங்கணும்லா" என்றார் அண்ணன்.

அப்பா மடித்திருந்த சப்பாத்தியைப் பிரித்துச் சுருட்டி வைத்தார்.

"இம்புட்டையும் நீ தனியாவால செஞ்ச, இத்தன வருசமா?"

"ஆமாப்பா."

அப்பா சமையலறைக்கு வந்தார். குழாயைத் திறந்துவிட்டு, கழுவுவதற்கு ஒன்றும் இல்லாமல் தண்ணீருக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிக்கொண்டேன். இதைப் படிக்கும்போது அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கலாம். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வலி அதிகமான நாட்களில் அண்ணன் அதிகம் பேசவில்லை. ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டையும் வளத்து முடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போறேன்னு நெனச்சேன் பிள்ள. வளத்தும் முடிக்கல, வேலைக்கும் போகல" என்றார். நான் தேற்றுவதற்கு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அது அவருக்கு உதவியாக இருந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி அவர் உதட்டைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டிருக்கும்போதே அமைதியாகப் போய்விட்டார். ஆல்வின் மாவ்ஷி வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். யார் போய்ச் சொல்வது என்று தெரியாமல் எல்லாரும் நின்றோம். பிளெஸ்ஸிதான் எழுந்து போனாள்.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், பாவம், வேலை வெட்டி இல்லாமலேயே வாழ்க்கை முடிந்துவிட்டதே என்று வருந்தினார்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. உங்களுக்குப் பதில் சொல்ல அன்றைக்கு எங்களிடம் தெம்பு இல்லை.

இந்த ஒரு வருடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்கு மருத்துவமனையில் இரக்கப்பட்டுப் பகல் டூட்டி மட்டும் கொடுத்திருந்தார்கள். அதை எப்போதும் கொடுக்க முடியாது, மற்றவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தானே. அடுத்த மாதத்திலிருந்து மறுபடி எல்லா ஷிஃப்டும் பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கண்ணில் புரை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அண்ணன் போன பிறகு ஆல்வினுக்கு மறுபடி வலிப்பு வந்தது. மருந்தைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த மலருக்காகப் பழைய படங்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்த நாளில் அண்ணி, "நானும் விட்டுடலாம்னு பாக்கறேன். இவன் கொஞ்சம் பெரிசாகற வரைக்கும்" என்றார்.

பிளெஸ்ஸி தலையை நிமிர்த்தாமல், "வேணாம் மம்மி. பப்பா திரும்பப் போக முடியலையே" என்றாள்.

கணக்குப் பாடம் நடத்துகிறவள் நான். எந்தப் பக்கமிருந்து போட்டுப் பார்த்தாலும் இந்த வீட்டில் ஒருவர் குறைகிறார்.

அண்ணன் நோயுற்றிருந்தபோது வந்து பார்த்தவர்கள், வர முடியாமல் ஜெபித்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரத்தம் கொடுத்த சபை வாலிபர்களுக்கும், அடக்கத்தன்று சவப்பெட்டியைத் தோளில் சுமந்த பழைய கம்பெனி நண்பர்களுக்கும், வார்டில் அண்ணியின் டூட்டியைத் தாங்கள் ஏற்றுப் பார்த்த செவிலியர் சகோதரிகளுக்கும் நன்றி. போதகர் ஐயாவுக்கும், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாமலே இந்த மலரைக் கையில் வாங்கிக்கொள்ளப்போகிற மாவ்ஷிக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நினைவு மலரில் இப்படிக் கேட்பது வழக்கமில்லை என்று தெரியும். வேறு எங்கே கேட்பது என்று தெரியவில்லை. திலக் நகரிலோ, செம்பூரிலோ, கோவண்டியிலோ, பள்ளி விட்ட நேரத்திலிருந்து அண்ணி வீடு வந்து சேரும்வரை ஆல்வினோடு இருக்கக்கூடியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து அண்ணியிடம் சொல்லுங்கள். ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி. சமைக்கத் தெரிந்திருக்க வேண்டாம். அவனுக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அது நிற்கும்வரை பயப்படாமல் பக்கத்தில் இருந்தால் போதும். பல மாதங்களாகத் தேடுகிறோம். இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை.

அன்புத் தங்கை